கடன் வாங்காத கணக்கு

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதி நோட்டை நீட்டினான். இருபது வருஷமாக இந்த 35-ஐப் பார்த்ததும் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். அன்றைக்கு என்னவோ, "எப்படிடா கண்ணா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏழுல ரெண்டு போனா அஞ்சு. அஞ்சுல ரெண்டு போனா மூணு. பெரிசுலேருந்துதான் சின்னதைக் கழிக்கணும்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

சொன்னது நான்தான். முதல் வகுப்பில் ஓரிலக்கக் கணக்குக்காகச் சொன்ன சுலப விதி, ஒரு வருஷம் கழித்து என் முன்னாலேயே வந்து நின்றது.

சமாளித்துக்கொண்டு, "ரெண்டுல ஏழு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்று வழக்கமான பாட்டை எடுத்தேன். "எப்போ டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?" என்றாள் முன்வரிசைக்காரி. என்னிடம் பதில் இல்லை.

மறுநாள் ஈர்க்குச்சிகளை ஒடித்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துப்போனேன். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "இதுல ஏழு எடு" என்றதும் பையன் உதிரியைப் பார்த்தான், கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பிரிச்சிடவா டீச்சர்?" ரப்பர் பேண்ட் தெறித்தது. உதிரி பன்னிரண்டாயிற்று, ஏழு போக ஐந்து. மிச்சமிருந்த நான்கு கட்டில் இரண்டு போக இரண்டு. 25. கடனும் இல்லை, வட்டியும் இல்லை.

தமிழ்ப் பாடத்திலும் இதே கதைதான். "நான் தினமும் பல்லிக்குப் போவேன்" என்று எழுதியவனைப் பத்துத் தடவை எழுதச் சொல்லாமல், எழுதியதைப் படமாக வரையச் சொன்னேன். சுவரில் பெரிய பல்லி, அதன் வாயருகே புத்தகப் பையோடு அவன். வகுப்பே சிரித்தது. அடுத்தவள் குழம்பில் புலியைக் கரைத்தாள். மதியத்துக்குள், "ள சொன்னா நாக்கு மடங்குது டீச்சர்" என்று ஒருத்தி தானாகவே கண்டுபிடித்தாள்.

செயல்வழிக் கற்றல் அட்டைகளையும் பார்த்தவள் நான். 2022-ல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் என்ற நிலைகளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் வரும் பாட்டும் பொம்மையும் பிள்ளைகளுக்கு நல்லதுதான். ஆனால் அதே பாட்டைப் பத்தாவது தடவை பாடும் டீச்சருக்குச் சலித்துவிடும். எனக்குச் சலிக்காதது தப்பு விடைதான். சரியான விடைக்குப் பின்னால் பெரும்பாலும் நான் காட்டிய வழி இருக்கும்; தப்பான விடைக்குப் பின்னால் பிள்ளை தானே போட்ட வழி இருக்கும்.

நேற்று முன்வரிசைக்காரியின் நோட்டில் 60-லிருந்து 24 போக 46. பேனாவை மூடி வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

"ஒரு கட்டைப் பிரிச்சியே, அது எங்கே?"

"திரும்பக் கட்டி வெச்சுட்டேன் டீச்சர். எடுத்ததை எடுத்த மாதிரியே வெக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"