சுவர் காயட்டும், பிறகு பட்டி

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைமீறி, நெல்லை சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் தொடங்கி ஸ்ரீவைகுண்டம், ஏரல் வரை வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்த நான்கே வாரத்தில் பொங்கல். சுவர் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசைக்கு இணங்கி ஈரச் சுவரில் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பது நம் கட்டடத் தொழிலுக்கு அழகல்ல. நன்றாகக் காற்றோடும் இடத்தில்கூடச் செங்கல் கட்டுமானம் மாதத்துக்கு ஓர் அங்குலம் அளவே காயும் என்பது பழகிய தோராயக் கணக்கு. ஒன்பது அங்குலச் சுவர், இரு பக்கமும் திறந்திருந்தாலும், பொங்கலுக்குள் காயாது.

ஈரச் சுவர் மேற்பூச்சால் மூடப்பட்டால் உள்ளே நிற்கும் நீர், செங்கல்லிலும் மண்ணிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேற வழிதேடும். நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு படிகமாகிப் பருத்து, காரையைப் பெயர்த்துத் தள்ளும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய வீடுகளில் சிமெண்ட் பூச்சு இந்தக் கேட்டை இன்னும் கூட்டும். மூச்சுவிடும் சுவருக்கு அது மூச்சை அடைத்துவிடுகிறது. ஆகவே முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய வேண்டும். வெள்ளம் நின்ற சுவரில் ஒரே மட்டத்தில் வண்டல் கோடு இருக்கும். அடித்தளத்திலிருந்து ஏறும் ஓதம் சுவரின் கீழ்ப்பகுதியிலேயே நின்று உப்புப் பூக்கும். மாடிக் கசிவு மழைக்குப் பின் கூரையில் கறையாகப் படரும். குழாய்க் கசிவோ கோடையிலும் காயாது. ஒன்றுக்கான மருந்து மற்றொன்றுக்கு உதவாது.

உத்தரவாதத்தோடு விற்கும் வாட்டர் புரூஃபிங் பூச்சு இருக்கிறதே என்பார்கள். உட்புறத்தில் அதைப் பூசினால் நீர் சுவரிலேயே தங்கி, பூச்சுக்கு மேலே போய்த் தலைகாட்டும். மாதக்கணக்கில் காத்திருக்க ஏழைகளுக்கு வேறு வீடேது என்ற கேள்வி இன்னும் கனமானது. அவர்களை வெளியேறச் சொல்லத் தேவையில்லை. மின் இணைப்பைச் சோதித்தபின், வண்டலை அகற்றி, பொருமிய பூச்சை நீர்க்கோட்டுக்கு மேல்வரை கொத்தி எடுத்து, சன்னல்களைத் திறந்துவைத்து அங்கேயே குடியிருக்கலாம். பண்டிகைக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். அது ஈரம் வெளியேறுவதைத் தடுக்காது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. அந்தக் கையிருப்பில் ஒரே சுவரை இருமுறை பூசச் செய்வது அநியாயம்.

பொறியாளர்களும் கொத்தனார்களும் இனி மதிப்பீட்டுத் தாளில் ‘உலர்த்தல்’ என்பதைத் தனி வேலையாக எழுத வேண்டும். நீர் நின்ற உயரம், ஈரத்தின் காரணம், கொத்த வேண்டிய பரப்பு, ஈரமானி காட்டும் அளவு ஆகியவை அதில் இடம்பெறட்டும். மறுபூச்சுக்கான தேதியைக் காலண்டர் தீர்மானிக்கக் கூடாது. சுவரின் ஈர அளவு தீர்மானிக்க வேண்டும்.