எச்சரிக்கை யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

பயங்கரவாதத் தாக்குதல் ஒவ்வொன்றுக்குப் பின்னரும் நம் கருத்தரங்குகளில் ஒரே சொற்றொடர் தவறாமல் ஒலிக்கிறது: 'தகவல் பகிர்வில் ஏற்பட்ட தோல்வி.' ஆய்வேடுகளின் முன்னுரைகளிலும் கொள்கை அறிக்கைகளின் பரிந்துரைப் பகுதிகளிலும் அது உரிமையோடு வந்து அமர்ந்துகொள்கிறது. கல்விப்புலம் இச்சொற்றொடரைக் கைவிட வேண்டும் என்பதே என் வாதம். விளக்கம் என்ற பெயரில் அது வழங்குவது மன்னிப்பு. தகவல் பகிரப்படவில்லை என்று எழுதிவிட்டால் பழி எந்த மனிதர்மீதும் விழுவதில்லை. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்தின்மீது விழுகிறது. வெற்றிடத்தை விசாரிக்க இயலாது; அங்கே புதிதாக ஒரு மையத்தை எழுப்பத்தான் இயலும். கால் நூற்றாண்டாக இந்தியாவும் அண்டை நாடுகளும் அதைத்தான் செய்து வருகின்றன.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. இலங்கையின் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஆடம்பர விடுதிகளிலும் வெடித்த குண்டுகளுக்கு 260க்கும் மேற்பட்டோர் பலியாயினர். இதுவும் தகவல் பகிர்வுத் தோல்வியா? கோவையில் 2018இல் பதிவான ஒரு வழக்கின் விசாரணையில் சஹ்ரான் ஹாஷிமின் காணொளிகள் இந்தியப் புலனாய்வாளர்களின் கைக்கு வந்ததாகப் பத்திரிகைகள் அப்போதே எழுதின. ஏப்ரல் 4ஆம் தேதி இந்திய உளவு அமைப்பின் எச்சரிக்கை இலங்கை அரச புலனாய்வுச் சேவையை எட்டியது. சஹ்ரானின் பெயர் அதில் இருந்தது. தற்கொலைத் தாக்குதல் என்ற முறை இருந்தது. கத்தோலிக்கத் தேவாலயங்களும் இந்தியத் தூதரகமும் இலக்குகள் என்ற குறிப்பும் இருந்தது. தாக்குதலுக்கு முந்தைய நாளும் எச்சரிக்கை சென்றது. ஓர் அண்டை நாடு மற்றோர் அண்டை நாட்டுக்கு இதைவிடத் தெளிவாக எதைத் தந்திருக்க முடியும்?

அந்தத் தகவல் இலங்கைக்குள் நகர்ந்த பாதையை நம் மாணவர்கள் வரிவரியாகப் பயில வேண்டும். அரச புலனாய்வுச் சேவையிலிருந்து தேசியப் புலனாய்வுத் தலைவருக்கு. அவரிடமிருந்து ஏப்ரல் 9ஆம் தேதி காவல்துறைத் தலைவருக்கு. ஏப்ரல் 11ஆம் தேதி பிரதிக் காவல்துறைத் தலைவர் ஒருவரின் கையொப்பத்துடன் கீழ்ப்பிரிவுகளுக்கு. எந்தப் பிரிவுகள் அவை? அமைச்சர்களின் பாதுகாப்பு, நீதிபதிகளின் பாதுகாப்பு, தூதரகங்களின் பாதுகாப்பு, முன்னாள் குடியரசுத் தலைவர்களின் பாதுகாப்பு. தேவாலயங்கள் இலக்கு என்று கூறும் கடிதம் தேவாலயங்களைத் தவிர அதிகாரம் உள்ள எல்லா வாசல்களுக்கும் சென்று சேர்ந்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் கொச்சிக்கடையிலும் மட்டக்களப்பிலும் வழிபாட்டுக்குத் திரண்டவர்களுக்கு அதை எவரும் சொல்லவில்லை. பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவோ 2018 அக்டோபர் முதல் தேசியப் பாதுகாப்புப் பேரவைக் கூட்டங்களுக்கே அழைக்கப்படவில்லை. இதைப் பகிர்வின் தோல்வி என்பது மொழிக்குச் செய்யும் அநீதி. பகிர்வு நடந்தது. எவருடைய உயிர் காக்கத்தக்கது என்ற தெரிவும் அதனூடே நடந்தது.

இதில் ஒரு கசப்பான முரணும் உண்டு. சார்க் நாடுகளின் பயங்கரவாத ஒடுக்கு உடன்படிக்கை 1987இல் காத்மாண்டுவில் கையெழுத்தானது. அதன் தொடர்ச்சியாகப் பயங்கரவாதக் குற்றங்கள் பற்றிய தகவல்களைத் திரட்டி உறுப்பு நாடுகளுக்கு வழங்குவதற்கென ஒரு கண்காணிப்புப் பிரிவு அமைக்கப்பட்டது. அது அமைந்த நகரம் கொழும்பு! 2019இன் எச்சரிக்கை அந்தப் பிரிவின் வழியே வரவில்லை. இரு நாட்டு உளவு அமைப்புகளுக்கு இடையிலான நேரடித் தொடர்பில் வந்தது. 2014க்குப் பிறகு உச்சி மாநாடே கூடாத ஓர் அமைப்பிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? சார்க் முடங்கியதும் பிம்ஸ்டெக்கைப் பற்றிக்கொண்டோம். அதன் பயங்கரவாத எதிர்ப்பு உடன்படிக்கை 2009இல் கையெழுத்தாகி 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. பிறகு கொழும்புப் பாதுகாப்பு மாநாடு. 2024இல் அதற்கொரு சாசனமும் செயலகத்துக்கான ஒப்பந்தமும். பன்னாட்டு உறவுகள் துறைகளில் இவை ஒவ்வொன்றும் ஓர் ஆய்வேட்டுத் தலைப்பு. ஒப்பந்தங்களை எண்ணுவது எளிது, ஆவணங்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன.

இந்தியாவின் கதை இதிலிருந்து விலகியதன்று. 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில் 166 பேர் உயிரிழந்தனர். கடல்வழித் தாக்குதல் குறித்தும் தாஜ் விடுதி குறித்தும் முன்னெச்சரிக்கைகள் இருந்தன. விடுதிக்கு எச்சரிக்கை வந்திருந்ததையும், சில ஏற்பாடுகள் செய்யப்பட்டதையும் ரத்தன் டாடாவே தொலைக்காட்சிப் பேட்டியில் ஒப்புக்கொண்டார். அந்த ஏற்பாடுகள் தாக்குதலுக்கு முன்பே தளர்த்தப்பட்டிருந்தன. மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழுவும் எச்சரிக்கைகள் கையாளப்பட்ட முறையைக் குறை கூறியது. தகவல் வந்து சேரும் இடத்தில் அது மற்றுமொரு தபாலாகிவிடுகிறது. பதிவேட்டில் எண் பெறுகிறது, மேலொப்பம் பெறுகிறது, அடுத்த மேசைக்குப் போகிறது. அனுப்பியவரும் தம் கடமை முடிந்தது என்கிறார், பெற்றவரும் முடிந்தது என்கிறார். நம் அலுவலகங்களில் முதியோர் ஓய்வூதிய மனுவுக்கு நேரும் அதே கதிதான்.

இதற்கு அரசு கண்ட தீர்வு என்ன? கார்கில் போருக்குப் பின் 2001இல் உளவுத்துறைக்குள் உருவான 'மேக்' எனும் பல்முகமை மையம், 2008 டிசம்பர் 31 அன்று ஒரு நிர்வாக ஆணையால் வலுப்படுத்தப்பட்டது. மாநிலத் தலைநகரங்களில் அதன் துணை மையங்கள் இயங்குகின்றன. அதே டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமைக்கு நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அடுத்து நாட்கிரிட். 2012 பிப்ரவரியில் தேசியப் பயங்கரவாதத் தடுப்பு மையத்துக்கான ஆணை வந்தது. கைதுசெய்யவும் சோதனையிடவும் அதிகாரமுள்ள அம்மையத்தை, தனிச் சட்டம் ஏதுமின்றி இயங்கும் உளவுத்துறைக்குள்ளேயே வைக்கத் திட்டமிட்டனர். நவீன் பட்நாயக், மம்தா பானர்ஜி, ஜெயலலிதா, நிதீஷ் குமார், அன்று குஜராத் முதல்வராயிருந்த நரேந்திர மோடி எனக் கட்சி கடந்து முதல்வர்கள் எதிர்த்தனர், மையம் எழவில்லை. அவர்கள் எதிர்த்தது சரியே என்பேன். ஆனால் விவாதம் மாநில உரிமையோடு நின்றுவிட்டது. தங்கள் தலைநகருக்கு வந்து சேரும் எச்சரிக்கைக்குத் தங்கள் காவல்துறை என்ன பதில் தரும், எவர் அதற்குப் பொறுப்பேற்பார் என்று ஒரு முதல்வரும் தம் சட்டமன்றத்துக்கு விளக்க முன்வரவில்லை. மத்தியில் இருப்போருக்கு அதிகாரம் வேண்டும். மாநிலத்தில் இருப்போருக்கு அதை விட்டுக்கொடுக்க மனமில்லை. பொறுப்பைக் கேட்டு எந்தத் தரப்பும் வழக்காடவில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை எளிதில் தள்ளிவிட முடியாது. எச்சரிக்கைகள் மழைபோல் வருகின்றன, பெரும்பாலானவை தெளிவற்றவை, எல்லாவற்றின் மீதும் நடவடிக்கை எடுத்தால் நாடே முடங்கும், எனவே தவறிப்போன ஒன்றைப் பின்னர் தேடியெடுத்து விரல் நீட்டுவது நியாயமன்று என்பர் அதிகாரிகள். உண்மைதான். அதனால்தான் நான் கேட்பது எல்லா எச்சரிக்கைக்கும் நடவடிக்கை அன்று, எல்லா எச்சரிக்கைக்கும் ஒரு முடிவு. பெற்ற அதிகாரி இதை ஏன் ஏற்றார், ஏன் ஒதுக்கினார், எவரிடம் சொன்னார் என்று தம் பெயரில் எழுதிவைக்கட்டும். இரகசியம் காக்கப்படட்டும், ஆனால் நாடாளுமன்றக் குழு ஒன்றேனும் அந்தக் குறிப்பைப் பின்னாளில் திறந்து பார்க்கும் வழி இருக்கட்டும். இன்று அவ்வழி இல்லை. உளவு அமைப்புகளைச் சட்டத்தின்கீழ்க் கொணர மனீஷ் திவாரி 2011இல் முன்மொழிந்த தனிநபர் மசோதா காலாவதியானது. அதே ஆண்டு தேசியப் புலனாய்வு முகமையும் நாட்கிரிட்டும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. தகவலைப் பகிர்வதற்கென்றே பிறந்த நாட்கிரிட்டும் அப்பட்டியலில் இருக்கிறது.

பொறுப்பில்லாத பகிர்வு உயிர்களைக் காக்கத் தவறுவதோடு நிற்பதில்லை. தவறான தகவலும் அதே கம்பியில் அதே வேகத்தில் ஓடுகிறது. 2007 ஹைதராபாத் மக்கா மசூதிக் குண்டுவெடிப்பை அடுத்துக் கைதான இஸ்லாமிய இளைஞர்கள் பின்னர் விடுவிக்கப்பட்டனர். விசாரணை வேறு திசையில் சென்றது. அத்திசையில் குற்றம் சாட்டப்பட்டு விசாரணையை எதிர்கொண்டவர்களும் 2018இல் விடுவிக்கப்பட்டனர். இறந்தவர்களுக்கு நீதி இல்லை, சிறையில் கழிந்த மாதங்களுக்கும் விடை இல்லை. ஷாங்காய் ஒத்துழைப்பு அமைப்போ பயங்கரவாதம், பிரிவினைவாதம், தீவிரவாதம் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறது. 2017 முதல் இந்தியாவும் பாகிஸ்தானும் அதில் உறுப்பினர்கள். தாஷ்கெண்டிலுள்ள அதன் பயங்கரவாத எதிர்ப்பு அமைப்பில் ஓர் அரசு 'தீவிரவாதி' என்று தரும் பெயர் குண்டு வைத்தவருடையதா, எதிர்த்துப் பேசியவருடையதா என்று வெளியிலிருந்து கேட்க எவருக்கும் இடமில்லை. மேலும் பகிருங்கள் என்று பரிந்துரைக்கும் நம் பேராசிரியர்கள் இதையும் சேர்த்தே பரிந்துரைக்கிறார்கள்.

இப்புலத்தில் நான் படித்தவற்றுள் மிக முக்கியமான ஆவணம் எந்த உடன்படிக்கையும் அன்று. 2023 ஜனவரி 12 அன்று இலங்கை உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு. எச்சரிக்கை கிடைத்தும் செயற்படாதது அடிப்படை உரிமை மீறல் என்று அது கூறியது. பாதுகாப்பு அமைச்சையும் தம்மிடமே வைத்திருந்த முன்னாள் குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி இலங்கை ரூபாயைத் தம் சொந்தப் பணத்திலிருந்து இழப்பீடாகச் செலுத்தப் பணித்தது. காவல்துறைத் தலைவருக்கும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவருக்கும் தலா 7.5 கோடி, பாதுகாப்புச் செயலாளருக்கு 5 கோடி, தேசியப் புலனாய்வுத் தலைவருக்கு 1 கோடி. எச்சரிக்கை கைமாறிய வரிசையில் இருந்தவர்கள் பெயர் பெயராக, தொகை தொகையாக நிறுத்தப்பட்டனர். இறந்தவர்களை இப்பணம் மீட்டுத் தராது. ஆயினும் கடிதத்தைப் பெற்றுக்கொள்வதும் ஒரு செயலே, அதற்கும் கணக்கு உண்டு என்று தெற்காசியாவில் ஒரு நீதிமன்றம் எழுதிவைத்திருக்கிறது.

மும்பைக்கு அப்படியொரு கணக்கு இதுவரை எழுதப்படவில்லை. 2025 மே மாதம் புதுதில்லி நார்த் பிளாக்கில் புதுப்பிக்கப்பட்ட பல்முகமை மையம் திறந்துவைக்கப்பட்டது. மாவட்டக் காவல்துறைகள் வரை இணைப்பு நீட்டப்பட்டிருக்கிறதாம். மாவட்டத்தில் அந்தத் திரையின் முன் அமர்ந்திருப்பவர் செய்தியைக் கண்டபின் என்ன செய்யக் கடமைப்பட்டவர், செய்யாவிட்டால் எவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதை எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் தேடுவது? இத்துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவுசெய்யவிருக்கும் நண்பர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.