வீட்டுக் காவல் மணியும் தெருவின் செவியும்

சங்கங்களின் இருப்பைச் சரிபார்க்கும் பணியில் எழுதக் கை கூசும் வரிகள் சில உண்டு. சென்ற ஆண்டு அத்தகைய வரி ஒன்றை எழுத நேர்ந்தது. பட்டு நெசவு செய்யும் அங்கத்தினர் ஒருவர் குடும்பத்துடன் ஒரு திருமணத்திற்குச் சென்றிருந்தார். அன்றிரவு அவர் வீட்டின் பின்கட்டுக் கதவை நெம்பித் திறந்து, சங்கம் அவரிடம் ஒப்படைத்திருந்த ஊடைப் பட்டையும் ஜரிகையையும் எவரோ எடுத்துச் சென்றுவிட்டனர். தறியில் ஏறியிருந்த பாவு மட்டுமே மிஞ்சியது. போனது சங்கத்தின் சரக்காதலால் அதன் கிரயம் அவர் பேரில் பற்று எழுதப்பட்டு, இன்றளவும் கூலியில் மாதந்தோறும் பிடித்தம் செய்யப்பட்டு வருகிறது. கணக்கின்படி அது சரியே. ஆயினும் அந்தப் பேரேட்டுப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் மனம் அமைதி கொள்வதில்லை.

அவ்வீட்டில் அபாய மணி இல்லாமலில்லை. மூன்று மாதங்களுக்கு முன் அவரே வாங்கி, அவரே சுவரில் மாட்டியிருந்தார். அன்றிரவு அது ஒலிக்கவும் செய்தது. அண்டை வீட்டார் கேட்டனர். பல்லி ஓடியிருக்கும் என்று எண்ணித் திரும்பிப் படுத்தனர். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கு முந்தைய வாரங்களில் அந்த மணி பல இரவுகள் காரணமின்றி அலறி அவர்களை எழுப்பியிருந்தது.

வீட்டுக் காவல் மணியைப் பற்றி இன்று பலரும் விசாரிக்கின்றனர். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவி முதல் பல ஆயிரம் ரூபாய் பெறும் தொகுப்பு வரை கடைகளில் குவிந்து கிடக்கின்றன. எதை வாங்குவது என்று கேட்போருக்கு என் விடை ஒன்றே: பொய் சொல்லாத மணியை வாங்குங்கள், அது ஒலித்தால் எழுந்து வருவதற்குத் தெருவை ஆயத்தம் செய்யுங்கள். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் மற்றொன்றால் பயனில்லை.

மணிக்கு முன்னதாகக் கதவைக் கவனிக்க வேண்டும். பின்கட்டுக் கதவின் தாழ்ப்பாள் கையால் அசைத்தாலே ஆடுமானால், திருகாணி அரை அங்குல ஆழம் மட்டுமே இறங்கியிருக்குமானால், மணிக்கு வைத்திருக்கும் பணத்தில் முதற்பங்கு தச்சருக்கே உரியது. மணி கள்வனைத் தடுப்பதில்லை. அவன் வந்ததை அறிவிக்கிறது, அவ்வளவே. நல்ல தாழ்ப்பாள்தான் அண்டை வீட்டார் எழுந்து வருவதற்கு வேண்டிய சில நிமிடங்களைத் தருவது.

அடுத்து வாங்க வேண்டியது கடைகளில் 'டோர் சென்சார்' என்று வழங்கும் காந்தத் தொடுப்பு. இதன் தத்துவம் மிகப் பழமையானது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை அடுத்த சோமர்வில் என்னும் ஊரினரான அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர், கதவு திறந்ததும் மின்சாரத்தால் மணி அடிக்கும் அமைப்புக்கு 1853-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய கருவியில் கதவின் சட்டத்தில் ஒரு துண்டும், கதவில் காந்தத் துண்டும் பொருத்தப்படுகின்றன. கதவு திறந்து காந்தம் விலகியதும் மணி ஒலிக்கிறது. பல்லியும் பூனையும் இதை ஏமாற்ற இயலாது. ஆகையால் பொய் சொல்வது மிகக் குறைவு.

பொருத்தும்போது இரண்டைக் கவனிக்க வேண்டும். கதவு சாத்தியிருக்கையில் இரு துண்டுகளுக்கும் இடையே ஒரு விரற்கடைக்கு மேல் இடைவெளி இருத்தலாகாது. மழைக்காலத்தில் மரக்கதவு உப்பி நிலை மாறும் என்பதையும் கருதி, ஐப்பசியில் மீண்டும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். இரும்புக் கதவாயின், இரும்பு காந்தத்தின் வலுவைக் குறைக்குமாதலால், அடியில் மெல்லிய மரத்துண்டோ பிளாஸ்டிக் துண்டோ வைத்துப் பொருத்துவது உசிதம்.

'மோஷன் சென்சார்' எனப்படும் மற்றொரு கருவி, உடலின் வெப்பம் இடம்பெயர்வதை உணர்ந்து மணியடிப்பது. மேற்சொன்ன அங்கத்தினர் வாங்கியது இதுவே. கருவியில் பழுதில்லை, மாட்டிய இடமே பிழை. சாயம் காய்ச்சும் அடுப்புக்கு எதிரிலும், ஜன்னலைப் பார்த்தும், பல்லிகள் திரியும் விளக்கின் அருகிலும் அதை மாட்டியிருந்தார். ஏறத்தாழ ஏழடி உயரத்தில், அறையின் மூலையில், வெயிலும் அனலும் படாத திசை நோக்கி மாட்ட வேண்டும். நேரே கருவியை நோக்கி வருபவனைக் காட்டிலும் குறுக்கே நடப்பவனை அது விரைவில் உணரும். அதற்கேற்ற மூலையைத் தேர்ந்துகொள்க. பூனை வளர்க்கும் வீட்டுக்கு இது வேண்டாம்.

மின்சாரம் நின்றாலும் இயங்கும்படி உள்ளே மின்கலம் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். அது சில ஆண்டுகளில் வலுவிழக்குமாதலால், மாட்டிய தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். 12 வோல்ட் கம்பிகளை நாமே இழுத்துக்கொள்ளலாம். வீட்டு மின் இணைப்பில் கைவைக்க வேண்டியிருந்தால் மின்பணியாளரை அழைப்பதே முறை. சைரனைத் தெருப்பக்கம், எட்டாத உயரத்தில், மழை படாமல் அமைக்க வேண்டும். கருவியுடன் வரும் இரகசிய எண்ணை அன்றே மாற்றிவிட வேண்டும்; கடையில் விற்கும் அத்தனை பெட்டிகளிலும் அதே எண்தான் இருக்கும்.

விவசாய அங்கத்தினர்களின் நிலைமை வேறு. தோட்டத்து மோட்டார் கொட்டகையில் செப்புக் கம்பியை அறுத்துச் செல்பவனை அறிவிக்க எத்தனை பெரிய சைரன் வைத்தாலும், கேட்பதற்கு அங்கே ஆளில்லை. அங்கு வேண்டியது, சிம் பொருத்தி நம் தொலைபேசிக்கு அழைப்பு விடுக்கும் கருவி. மலிவான கருவிகளில் பல 2ஜி அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. 4ஜி மட்டும் வழங்கும் நிறுவனத்தின் சிம் அவற்றில் வேலை செய்யாது. இதை விசாரித்தே வாங்க வேண்டும். சிம்முக்குக் காலந்தவறாமல் பணம் கட்டவும் வேண்டும்.

இனித் தெருவின் கடமை. எட்டுப் பத்து வீட்டார் கூடி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். மணி ஒலித்தால் எதிர் வீட்டார் விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பது. ஒருவராகச் செல்லாமல் பலராகச் செல்வது. ஒருவர் உடனே 112-க்கு அழைப்பது. வெளியூர் செல்வோர் அண்டை வீட்டாரிடமும் காவல் நிலையத்திலும் சொல்லிச் செல்வது. வாரம் ஒருமுறை, குறித்த பகல் வேளையில், யாவரும் அறிய மணியைச் சோதிப்பது. தவறாக ஒலித்துவிட்டால் மறுநாளே காரணம் கண்டு திருத்தி, அண்டை வீட்டாரிடம் சென்று சொல்வது. மணிக்கு மதிப்பு நிலைப்பது இதனாலேதான்.

சங்கத்திற்கும் இதில் பொறுப்புண்டு என்பது என் உறுதியான அபிப்பிராயம். "அவரவர் வீட்டுக் கதவுக்குச் சங்கம் ஏன் செலவிட வேண்டும்?" என்று நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார். கதவு நெசவாளருடையது, அதற்குள் இருக்கும் பட்டும் ஜரிகையும் சங்கத்தினுடையவை அல்லவா? கிடங்கிற்குப் பூட்டும் காவலும் வைக்கும் சங்கம், அதே சரக்கு அங்கத்தினர் வீட்டுக்குச் சென்றதும் தன் கவலை தீர்ந்ததாகக் கொள்வது நியாயமாகாது. துணைவிதிகள் இடங்கொடுக்குமாயின், காந்தத் தொடுப்புக்கும் சைரனுக்கும் ஆகும் செலவில் பாதியைச் சங்கம் ஏற்கலாம். தெரு முழுமைக்கும் சேர்த்து வாங்கினால் விலையும் குறையும். ஓர் அங்கத்தினரின் கூலியில் மாதக்கணக்கில் செய்யும் பிடித்தத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தொகையே.

அடுத்த பொதுக்குழுவில் இதனை ஒரு பொருளாக வைக்குமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நான் குறிப்பிட்ட அந்த நெசவாளரின் தெருவில் இப்போது ஒன்பது வீட்டார் சேர்ந்து இவ்வேற்பாட்டைச் செய்துகொண்டுள்ளனர். ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒவ்வொரு வீட்டு மணியும் ஒருமுறை ஒலிக்கிறது. அவர் வீட்டு மணியை மூலைக்கு மாற்றி மாட்டித் தந்தவர், அன்றிரவு திரும்பிப் படுத்த பக்கத்து வீட்டுக்காரர்தான்.