கடை வேலைக்கு நகை அடகா?

வளைகுடா நாடுகளின் பேரங்காடிகளில் விற்பனையாளராகவோ காசாளராகவோ பணிபுரிய நம் இளைஞர்கள் தொடர்ந்து செல்கின்றனர். அதற்கென நகைக்கடன் கேட்டு வருவோரிடம், பணம் யாருக்குப் போகிறது என்று வினவினால், 'ஏஜெண்டுக்கு' என்பதே பல நேரங்களில் விடை. கடன் வழங்குவது எங்கள் தொழில்தான். ஆயினும் இக்கடனை வழங்காதிருக்கவே விரும்புகிறோம்.

வேலை விசாவைத் தொழிலாளி விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஆள்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ மறைமுகமாகவோ வசூலிப்பதை ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. இந்தியாவில் பதிவுபெற்ற முகவர் தம் சேவைக்குப் பெறத்தக்க உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இலட்சங்களில் பேரம் பேசுபவர் எதை விற்கிறார்?

சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது அடுத்த வலை. அவ்விசாவுடன் அமீரகத்தில் வேலை செய்வது சட்டவிரோதம். பிரிட்டன் கடைகளில் ஸ்பான்சர்ஷிப்புடன் வேலை என்ற விளம்பரத்தையோ முழுதும் படிக்கவே தேவையில்லை. சாதாரண விற்பனை உதவியாளர் பணி அந்நாட்டின் திறன் பணியாளர் விசாவுக்குத் தகுதியுடையதே அன்று.

முகவரின் பதிவை வெளியுறவு அமைச்சகத்தின் ஈ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பின்னர், கட்டணத்தை வங்கிக் கணக்கின் வழியே மட்டும் செலுத்தி ரசீது பெறுங்கள். ரொக்கந்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவரிடம் கடவுச்சீட்டையும் ஒப்படைக்க வேண்டாம்.