மீனுக்கு வாளி, ஆற்றுக்கு என்ன?

கோடையில் ஆறு வற்றும்போது, குட்டைகளில் தவிக்கும் ட்ரவுட் மீன்களைத் தொண்டர்கள் பிடித்து, தண்ணீர் ஓடும் இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். நல்ல காரியம். உடம்பில் தெம்புள்ளவர்கள் போய்க் கைகொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதைப் பார்த்து ‘ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம்’ என்று கொண்டாடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஹரோவில் மெட்ரோபொலிட்டன் ரயில் ஏறினால் செஷாமில் இறங்கலாம். செஸ் ஆறு அந்தப் பக்கத்தில்தான் தொடங்கி, ரிக்மன்ஸ்வேர்த்தில் கோல்ன் ஆற்றில் சேர்கிறது. சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிய குளிர்கால மழை ஊற்றாக வெளிவருகிறது. ஊற்றுக்கண்ணில் ஆண்டு முழுவதும் சுமார் 10 பாகை செல்சியஸ்தான். ட்ரவுட்டுக்கு அந்தக் குளிர் வேண்டும். தண்ணீர் சூடானால் பிராணவாயு குறையும், மீன் திணறும். உலகத்தில் இப்படியான சுண்ணாம்பு ஆறுகளில் மிகப் பெரும்பாலானவை இங்கிலாந்தில்தான் உள்ளன.

வற்றினால் மழையில்லை என்கிறார்கள். அதே பாறையில் ஆழ்கிணறு இறக்கிக் குடிநீர் இறைப்பதைப் பற்றி மெல்லிய குரலில்தான் பேசுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எங்கள் நிலத்தடியும் சுண்ணாம்புக்கல்தான். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு தாங்கியது. மெசின் பூட்டி இறைத்ததும் பல இடங்களில் உவர் ஏறியது. அங்கே உவர் சொன்ன பாடத்தை இங்கே மீன் சொல்கிறது.

வாளியில் எல்லாம் ஏறுமா? தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி, மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள். அதற்குப் பயிற்சி வேண்டும், அனுமதியும் வேண்டும். சுலபமாக அகப்படுவது பெரிய மீன். சரளைக்கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகளும் குஞ்சுகளும் அங்கேயே காய்ந்து போகும். கொண்டுபோய் விடும் இடத்திலும் ஏற்கெனவே மீன் இருக்கிறது. இரைக்கும் இடத்துக்கும் போட்டி. கவனமில்லாவிட்டால் நோயும் கூடவே போகும்.

‘அப்ப சாகவிடுவதா?’ என்று கேட்பீர்கள். இல்லை, பிடித்து விடுங்கள். ஆனால் ஒவ்வொரு மீட்பையும் தோல்விக் கணக்கில் எழுதுங்கள். வருடா வருடம் வாளி தூக்கிப் படம் எடுத்துப் போட்டால், இறைப்பவர்களுக்கு அது வசதி. செஸ் பள்ளத்தாக்கில் 2020இல் சில கிணறுகளில் இறைப்பை நிறுத்தினார்கள். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. மற்ற ஆறுகளுக்கு எப்போது? விநியோகிக்கும் தண்ணீரில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குழாயில் ஒழுகிப் போகிறதே, அதை எப்போது அடைப்பார்கள்? உங்கள் தொகுதி எம்.பி.க்கு எழுதிக் கேளுங்கள். ஓய்வுபெற்ற எங்களுக்கு நேரமா இல்லை?

எங்கள் பங்கும் இருக்கிறது. கேத்தலில் படிகிற வெள்ளைப் படிவு அந்தச் சுண்ணாம்புதான். இங்கே ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 140 லீற்றர் செலவாகிறது. தோட்டத்துக்கு மழைத்தொட்டி வையுங்கள், குழாயை விடுங்கள்.

மீன் மீட்கத் தொண்டரே தேவைப்படாத கோடை வரவேண்டும். ஆள் சேர்ப்பதென்றால் அதற்குச் சேருங்கள்.