தார் ஊற்றும் முன்பே நடைபாதையைக் கேளுங்கள்

வார்டு மக்களே,

நம் பகுதிச் சாலைகளைப் புதுப்பிக்கும் பட்டியல் தயாராகிவருகிறது. உதவிப் பொறியாளர் அளவெடுப்பார், எஸ்டிமேட் போடுவார், கோப்பு மண்டல அலுவலகம் போகும், டெண்டர் விடுவார்கள். பிறகு ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்குப் பழைய தாரைச் சுரண்டும் மில்லிங் இயந்திரம் தெருமுனையில் வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் நம்மில் பலர் வாசலுக்கே வருகிறோம். அப்போது எதைக் கேட்டாலும் “எஸ்டிமேட்டில் இல்லையே சார்” என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம். தார்ச் சாலைக்குப் போடும் அதே எஸ்டிமேட்டில், அதே டெண்டரில், நடைபாதையும் சேர வேண்டும். இடமுள்ள சாலைகளில் மிதிவண்டித் தடமும் சேர வேண்டும்.

இரண்டையும் சேர்த்துச் செய்யச் சொல்வது ஏன்? சென்னையில் பல ஆண்டுகளாகப் பழைய தாரின் மேலேயே புதுத் தாரை ஊற்றிவந்தார்கள். தெரு உயர்ந்தது, வீடு தாழ்ந்தது, மழைத் தண்ணீர் வாசற்படி ஏறி உள்ளே வந்தது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு அறிவுறுத்தினார். இப்படிச் சுரண்டும்போதுதான் தெருவின் மட்டம் புதிதாக அமைகிறது. ஓரக்கல் எவ்வளவு உயரம், மழைநீர் எந்தப் பக்கம் வழிந்து வடிகாலில் இறங்கும், வீட்டு வாசலின் சரிவு எங்கே முடியும் என்பதெல்லாம் அந்தச் சில நாட்களில் முடிவாகிவிடும். நடைபாதையை அப்போதே கட்டினால் மட்டம் ஒத்துப்போகும். போக்குவரத்தையும் ஒரே முறை திருப்பிவிட்டால் போதும். ஆறு மாதம் கழித்துக் கட்ட வந்தால் புதுச் சாலையின் ஓரத்தை வெட்ட வேண்டும், அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். வெட்டிய இடம் பள்ளமானால் ஒப்பந்ததாரர் “நான் போட்டது நன்றாகத்தான் இருந்தது” என்பார். இந்தத் தொல்லை வேண்டாம் என்றே அதிகாரிகள் நடைபாதையைத் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த முறை தார் போடச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை நாம் வண்டிகளோடு வண்டியாக நடக்க வேண்டியதுதான்.

இப்போது நடைபாதை என்று இருப்பதில் பள்ளிக்கூட வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். மழைநீர் வடிகாலின் மூடிதான் நமக்கு நடைபாதை. முழங்கால் உயரத்தில் தொடங்குகிறது. நாலு வீடு தாண்டியதும் ஒரு கார் சரிவு குறுக்கே இறங்குகிறது. அடுத்து கதவு தொங்கும் மின்பெட்டி, அதைச் சுற்றிக்கொண்டு போக இடமில்லை. அதைத் தாண்டினால் ஒரு மூடி உடைந்து, குழிக்குள் யாரோ எச்சரிக்கைக்காக நட்டுவைத்த வேப்பங்கிளை. இலை காய்ந்து உதிர்ந்தும் கிளை அப்படியே நிற்கிறது. பாட்டிமார்கள் இதில் ஏறுவதே இல்லை. சக்கர நாற்காலியைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நடைபாதைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி சொல்லும் அளவு எளியது: தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. இரண்டு பேர் எதிரெதிரே இடித்துக்கொள்ளாமல் போகலாம், அவ்வளவுதான். பாண்டி பஜாரில் 2019-இல் திறந்த நடைபாதை வளாகத்தைப் போல அலங்கார விளக்கும் இருக்கையும் நாங்கள் கேட்கவில்லை. மிதிவண்டி விஷயத்திலும் ஆடம்பரம் வேண்டாம். குறுகிய உட்தெருக்களில் தனித் தடம் தேவையில்லை, வண்டிகளின் வேகத்தைக் குறைத்தாலே போதும். பெரிய சாலையில் தடம் போட்டால் மட்டும் ஓரக்கல் வைத்துப் பிரித்துப் போடட்டும். வெள்ளைக் கோடு இழுத்து மிதிவண்டிப் படம் வரைந்தால் ஒரே வாரத்தில் அது கார் நிறுத்துமிடம் ஆகிவிடும்.

பணம் எங்கே என்பார்கள். 2014-இல் நாட்டிலேயே முதலாவதாக இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை வகுத்தது நம் சென்னை மாநகராட்சி. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டி ஓட்டுவோருக்கும் ஒதுக்குவோம் என்று அதில் சொன்னார்கள். அந்தக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். வார்டு உறுப்பினர் நிதியும் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியும் இருக்கின்றன. ‘நமக்கு நாமே’ திட்டத்தில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியை அரசு தரும். ஆனால் அந்த வழியைப் பூங்கா ஓர நடைத்தடத்துக்கும் மரக்கன்றுகளுக்கும் வைத்துக்கொள்வோம் என்பது எங்கள் கருத்து. தெருவோர நடைபாதைக்கு நாம் வசூல் செய்யக் கூடாது. வசூல் பழகிவிட்டால் காசுள்ள தெருவுக்கு மட்டுமே நடைபாதை வரும். ஆனால் அது எல்லோருக்கும் உள்ள உரிமை. தடையில்லாத நடைபாதை, வாழ்வுரிமை தரும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

நம் பக்கத்துக் கணக்கையும் சொல்லத்தானே வேண்டும். வாசல் சரிவைத் தெருவுக்குள் நீட்டியவர்கள் நாம். நடைபாதையில் பைக்கை நிறுத்துபவர்களும் நாமே. வேலை தொடங்கினால் சில சரிவுகள் உடையும், சில கார்களுக்கு வேறு இடம் பார்க்க வேண்டிவரும். கடைக்காரர்களுக்குப் பத்து நாள் வியாபாரம் படுக்கும். அதற்காகக் கவுன்சிலரிடம் ஓடிப்போய் வேலையை நிறுத்தாதீர்கள். பூக்கார அம்மாவையும் இளநீர்க் கடைக்காரரையும் விரட்டுவதற்கு இது சாக்காகவும் கூடாது. சாலையோர வியாபாரிகளுக்கு 2014-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வரைபடத்திலேயே அவர்களுக்கு இடம் குறிக்கச் சொல்லுவோம்.

தமிழ்நாட்டு நகரங்களில் 2022 நவம்பர் 1-இல் தொடங்கிய பகுதி சபைக் கூட்டங்கள் நமக்காகத்தான். அடுத்த கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வாருங்கள். வந்து குறைகளை மட்டும் கொட்டிவிட்டுப் போகாமல், “சாலைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு தெருவுக்கும் நடைபாதையோடு சேர்த்தே எஸ்டிமேட் போட வேண்டும்” என்ற ஒரு வரியைத் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஏறாத கோரிக்கை காற்றோடு போய்விடும். வர முடியாதவர்கள் நம் குழுவினர் வீடு வீடாகக் கொண்டுவரும் மனுவில் கையெழுத்திடுங்கள். உங்கள் வாசலுக்கு எதிரே உள்ள உடைந்த மூடி, மின்பெட்டி, மரம் எல்லாவற்றையும் மனுவின் பின்பக்கத்தில் எழுதிக்கொடுங்கள். பொறியாளர் அளவெடுக்க வரும் நாளில் அந்தத் தாள்களோடு கூட நடக்கத் தெருவுக்கு இரண்டு பேர் தேவை. பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பகுதிக் குடியிருப்போர் குழுவினர்