உசுப்பேற்றுவது பயிற்சியல்ல

பள்ளி மைதானத்தின் ஓரத்தில் நின்று கத்தும் பயிற்சியாளர் முதல் தொலைக்காட்சி வர்ணனையாளர் வரை எல்லோரும் ஓதுவது ஒரே மந்திரம்தான்: வெறியோடு ஆடு. ஜெயித்த அணிக்குள் நெருப்பு இருந்ததாம், தோற்ற அணிக்கு வெறி பத்தவில்லையாம். சினிமா இந்த எண்ணத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது. ‘பிகில்’ (2019) படத்தில், இறுதிப் போட்டியின் நடுவே ஒரு வீராங்கனையின் உடல் பருமனைச் சொல்லியே பயிற்சியாளர் குத்துகிறார். அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வர, ஆட்டம் சூடுபிடிக்கிறது. திரையில் அது விசிலடிக்கத் தோதான காட்சி. அதே வித்தையை நிஜமான பிள்ளைகளிடம் காட்டும்போதுதான் வில்லங்கம். ஆவேசம் ஏற ஏற ஆட்டமும் ஏறும் என்ற நம்பிக்கை, உடம்பு வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போகவில்லை.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் துப்பாக்கி சுடுதலை மட்டும் எடுத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இலக்கின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கடைசிக் குண்டுக்கு முன் அபினவ் பிந்த்ராவும் ஃபின்லாந்தின் ஹென்றி ஹாக்கினெனும் சமநிலையில் இருந்தார்கள். பிந்த்ரா 10.8 சுட்டுத் தங்கம் வென்றார். ஹாக்கினென் 9.7 சுட்டு வெண்கலத்துக்கு இறங்கினார். 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் அமெரிக்காவின் மேத்யூ எம்மன்ஸ் கடைசிக் குண்டுக்கு முன் நல்ல முன்னிலையில் இருந்தார். சுமாரான ஒரு குண்டே போதும். குறி நிலைகொள்ளும் முன்பே விசை அழுந்திவிட, கிடைத்தது 4.4, நான்காம் இடம். படபடப்பு மட்டும்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஒலிம்பிக்கில் வட கொரியாவின் கிம் ஜாங்-சுவிடமிருந்து இரண்டு பதக்கங்கள் பறிக்கப்பட்டதற்குக் காரணம் தெளிவானது. அவர் உடலில் இருந்தது புரோபுரானலால்: இதயத் துடிப்பைக் குறைத்து, கை நடுக்கத்தை அடக்கும் மாத்திரை. வெறிதான் வெற்றி தரும் என்றால், அமைதிப்படுத்தும் மருந்தை ஊக்கமருந்துப் பட்டியலில் சேர்த்துத் தடைசெய்ய வேண்டிய அவசியம் என்ன?

குழு ஆட்டங்கள் வேறு என்பார்கள். 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசான்ட்டேயில் கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதி. காயத்தால் ஆட முடியாத நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய தேசிய கீதம் பாடியது பிரேசில் அணி. உணர்ச்சிக்கு அங்கே பஞ்சமில்லை. 23-ஆம் நிமிடத்திலிருந்து 29-ஆம் நிமிடத்துக்குள் ஜெர்மனி நான்கு கோல் அடித்தது; முடிவு 7-1. தலைவர் தியாகோ சில்வாவும் தடையால் ஆடவில்லை என்பது உண்மை. உணர்ச்சி ஒன்றே அவர்களைக் கவிழ்த்தது என்பது மிகை. ஆனாலும் அந்த ஆறு நிமிடங்களில், இடத்தை விட்டுவிட்டுப் பந்தின் பின்னால் ஓடும் தடுப்பாட்டக்காரர்களைப் பாருங்கள். கிளர்ச்சி கூடினால் கவனம் குறுகும் என்று உளவியலாளர் ஈஸ்டர்புரூக் 1959-இலேயே எழுதினார். முதலில் தேவையற்றவை பார்வையிலிருந்து விலகும், அதுவரை நல்லது. அதற்கு மேலும் ஏற்றினால், ஓரத்தில் தனியாக ஓடிவரும் எதிராளியும் சேர்ந்து மறைந்துபோவான்.

பளு தூக்குபவர் தன்னைத் தானே அறைந்துகொண்டு மேடையேறுகிறாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே மூச்சில் முழு பலத்தையும் திரட்டும் வேலைக்கு அந்த ஆவேசம் உதவும். கிம் விழுங்கிய மாத்திரை வகைக்குப் பளு தூக்குதலில் தடையே கிடையாது. எனவே எவ்வளவு கிளர்ச்சி என்பதைச் செய்யும் வேலைதான் தீர்மானிக்கிறது. இன்னொரு கேள்வி பாடநூல் படித்தவர்களிடமிருந்து வரும்: நடுத்தரக் கிளர்ச்சியே எல்லோருக்கும் உத்தமம் என்று அந்தக் கவிழ்த்த ‘யூ’ வளைகோடு சொல்கிறதே? அதையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படும் 1908 ஆய்வில் உளவியலாளர்கள் யெர்கிஸும் டாட்சனும் மின்னதிர்ச்சி கொடுத்துப் பாடம் கற்பித்தது எலிகளுக்கு. விளையாட்டு வீரர்களுக்கு அல்ல. பிற்பாடு வீரர்களையே ஆராய்ந்த உளவியலாளர் யூரி ஹானின், ஒவ்வொருவருக்கும் நன்றாக ஆடும் நிலை தனித்தனி என்று காட்டினார். ஒருவருக்குப் பதற்றம் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ஆட்டம் வரும். பக்கத்தில் இருப்பவருக்கு அதே பதற்றம் காலைக் கட்டிப்போடும். பதினோரு பேரை வரிசையாக நிறுத்தி ஒரே கத்தலில் உசுப்பேற்றுவது, பதினோரு நோயாளிக்கும் ஒரே மருந்து எழுதுவதுதான்.

“நான் திட்டியதும் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார்களே” என்பது கடைசி வாதம். இதே பேச்சை இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களிடம் உளவியலாளர் டேனியல் கானமன் கேட்டார்: பாராட்டினால் மோசமாக ஓட்டுகிறான், திட்டினால் திருந்துகிறான். அதற்கு அவர் கண்ட விளக்கம் வேறு. யாருமே எப்போதும் மிக மோசமாகவோ மிகப் பிரமாதமாகவோ செய்துகொண்டிருப்பதில்லை. ரொம்பச் சொதப்பிய நாளுக்கு அடுத்த நாள், யார் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், பெரும்பாலும் வழக்கமான தரத்துக்குத் திரும்புவார்கள். திட்டு விழுவது சொதப்பிய நாளில்தான் என்பதால், அந்தத் தேறுதலின் பெருமையும் திட்டுக்கே போய்ச் சேர்கிறது. கத்தியும் தோற்ற ஆட்டங்களுக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை.

பயிற்சியாளர்களே, ஹானின் செய்தது போல உங்கள் பிள்ளைகளிடம் கேளுங்கள்: நன்றாக ஆடிய நாளில் மைதானத்தில் இறங்கும்முன் எப்படி இருந்தாய், சொதப்பிய நாளில் எப்படி இருந்தாய்? பதிலை ஆளாளுக்குத் தனியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த போட்டிக்கு முன் யாரைத் தூண்ட வேண்டும், யாரைச் சும்மா விட வேண்டும் என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.